வாட்டர்லூ படை முழுவதையும் ஒருவரே வண்ணம் தீட்டி முடிக்க முடியுமா?

தேவகோட்டை நண்பரின் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பாட்டனார் கட்டிய வீட்டின் பட்டாலை என்ற பெரிய கூடம் காலியாகக் கிடக்கிறது, அதில் நீளமான மேசை போட்டு, வாட்டர்லூ போர் முழுவதையும் 28 மி.மீ. உயரச் சிப்பாய் உருவங்களைக் கொண்டு அமைத்துப் போர் விளையாட்டாக ஆட வேண்டும். எத்தனை உருவங்கள் தேவைப்படும், எவ்வளவு செலவாகும், தானே தீட்டுவதா, தீட்டியவற்றை வாங்குவதா, வீட்டிலுள்ள தேக்கு அலமாரியில் வைக்கலாமா? அவர் எண்ணிக்கையைத்தான் கேட்டிருக்கிறார் என்றாலும், கடைசி வரியில் "வேலைக்குப் போய்க்கொண்டேதான் செய்ய வேண்டும்" என்று சேர்த்திருப்பதைப் பார்த்தால், இதை ஒரு மனிதர் தனியாக முடிக்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. முடியும், ஆனால் 28 மி.மீ. அளவில் முழு வாட்டர்லூவை அல்ல. ஏன் அல்ல, அதற்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தொரு ஆண்டுகளாக நெப்போலியன் காலத்துப் படைகளைத் தீட்டி வருகிறேன். எந்த உருவத்தை எப்போது வாங்கினேன், எத்தனை மணி நேரத்தில் முடித்தேன் என்பதை, தொழில் பழக்கத்தால், ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே நேரத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் சொல்பவை என் கைக்கணக்கு. சீருடைகளையும் படைப்பிரிவுகளையும் பற்றிச் சொல்பவை நூல்களில் படித்தவை. நான் வரலாற்றாசிரியன் அல்லன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஓர் உருவம் எத்தனை வீரர்களைக் குறிக்கிறது என்பது. 28 மி.மீ. அளவில் பெரிய படை சேர்ப்பவர்களிடையே நீண்ட காலமாகப் புழங்கும் கணக்கு, ஓர் உருவத்துக்கு 20 வீரர். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனிடம் ஏறத்தாழ 73,000 பேர் இருந்தனர். எதிரே பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டுப்படையில் 68,000 பேர். வெலிங்டனுக்குத் துணையாக மாலைக்குள் களம் வந்து சேர்ந்த பிரஷ்யர் 50,000 பேர் அளவில் இருப்பார்கள். நூலுக்கு நூல் இவை சில ஆயிரம் முன்பின்னாக இருக்கும், ஆனால் நம் முடிவை அது மாற்றாது. இருபதால் வகுத்தால் 3,650, 3,400, 2,500. ஆக மொத்தம் 9,550 உருவங்கள். என் பேரேட்டின்படி, முகம் தெளியவும் பித்தான்கள் தெரியவும் ஒரு காலாள் உருவத்தைத் தீட்டுவதற்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. குதிரைவீரனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் 955 வாரங்கள், அதாவது பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். திருவிழா, கல்யாணம், காய்ச்சல் எதற்கும் இதில் விடுப்பு இல்லை.

இடக் கணக்கு இன்னும் சுவையானது. செட்டிநாட்டு வீடு இருப்பதால் நாம் பாதி வெற்றி பெறுகிறோம், பாதி தோற்கிறோம். அக்காலப் படைவீரன் அணியில் நிற்க ஏறத்தாழ 56 செ.மீ. அகலம் பிடித்துக்கொண்டான். மூன்று வரிசையாக நிற்கும் 480 பிரெஞ்சு வீரர்கள் 90 மீட்டர் அகலத்தை அடைப்பார்கள். அவர்களைக் குறிக்கும் 24 உருவங்களை, ஆளுக்கு 15 மி.மீ. வீதம் இரண்டு வரிசையாக நிறுத்தினால் 180 மி.மீ. வரும். ஆகவே மேசையில் ஒரு மில்லிமீட்டர், களத்தில் அரை மீட்டர். வாட்டர்லூவின் முகப்பு நான்கு கிலோமீட்டருக்குக் குறையாது. மேசைக்கு எட்டு மீட்டர் நீளம் வேண்டும். சென்னை அடுக்ககத்தில் இருப்பவர் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். உங்கள் பட்டாலையில் எட்டு மீட்டர் போட்டாலும் இருபுறமும் நடக்க இடம் இருக்கும். ஆனால் இரு படைகளும் நின்ற மேடுகளுக்கிடையே ஏறத்தாழ 1,300 மீட்டர் இருந்தது. அது மேசையில் 2.6 மீட்டர் ஆகிறது. மனிதக் கை ஒரு பக்கத்திலிருந்து 80 அல்லது 90 செ.மீ. வரைதான் எட்டும். நடுவிலுள்ள சிப்பாய்களை நகர்த்த முடியாது. மேசையை இரண்டாகப் பிளந்து நடுவில் ஆள் நடக்கும் சந்து விட வேண்டிவரும். கட்டடம் இடம் கொடுத்தாலும் கை எட்டுவதில்லை என்பதே பெரிய மேசைகளின் உண்மையான எல்லை.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் பிடித்ததன்று. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1830இல் வாட்டர்லூ களத்தின் மாதிரியைச் செய்யப் பணிக்கப்பட்டார். களத்திலேயே இருந்த லா ஹே சேந்த் பண்ணையில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். ஒரு மைலுக்கு ஒன்பதடி என்ற அளவில், ஏறத்தாழ 75,000 ஈயக்கலவை வீரர்களோடு அந்த மாதிரி 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இடையில் அரசு பணம் கொடுப்பதை நிறுத்திவிட, மனிதர் கடனில் விழுந்தார். வட்டியை வைத்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாதிரி இன்றும் லண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முழுப் போரும்தான் வேண்டும் என்றால் 6 மி.மீ. அளவுக்குப் போங்கள். அதில் 24 பேர் நிற்கும் ஓர் அடித்தட்டை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். அதே 9,550 உருவங்கள் 400 அடித்தட்டுகளுக்குள் அடங்கும். 800 மணி நேரம், அதாவது ஒன்றரை ஆண்டு வேலை. அந்த அளவில் முகம் என்பது ஒரு புள்ளிதான். ஆனால் எட்டடி தள்ளி நின்று பார்க்கும்போது படை படையாகத் தெரியும், பொம்மை வரிசையாகத் தெரியாது. 28 மி.மீ. உருவத்தின் முகத்தையும் தோல்பையையும் விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால், போரின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி, மூலையையும் சொல்லிவிடுகிறேன்.

பிற்பகலில் பிரெஞ்சுத் தளபதி தெர்லோனின் படைப்பிரிவு பிரிட்டிஷ் இடப்பக்கத்தைத் தாக்கியபோது, அதில் மார்கொக்னேயின் டிவிஷனும் இருந்தது: 21, 25, 45, 46 ஆகிய நான்கு ரெஜிமென்ட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டாலியன்கள், மொத்தம் எட்டு. 1808ஆம் ஆண்டு ஆணைப்படி ஒரு பிரெஞ்சுப் பட்டாலியனில் ஆறு கம்பெனிகளும் 840 பேரும் இருக்க வேண்டும். ஏட்டில் 840; ஆனால் இந்த டிவிஷனில் அன்று பட்டாலியனுக்குச் சராசரி 500 பேர்தான். புதிதாகச் சேர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, ஏட்டிலுள்ள எண்ணுக்குப் பொம்மை வாங்குவது. 24 உருவங்கள் போதும், எட்டுக்கு 192. எதிர்ப்பக்கம், இரண்டு நாள் முன்பு குவாத்ர் ப்ரா போரில் அடிபட்டு நானூறு அளவுக்குக் குறைந்திருந்த ஸ்காட்லாந்துக் காலாட்படையான 92ஆம் ஹைலேண்டர்கள் 20 உருவங்கள். சாம்பல் குதிரைகளில் வந்த ஸ்காட்ஸ் கிரேஸ் ஏறத்தாழ 400 பேர், அவர்களுக்கு 20 குதிரைவீரர்கள். ஹைலேண்டர் பாவாடையின் கட்டங்களை வரைவதற்குக் குதிரைவீரனுக்கு ஆகும் நேரமே ஆகும். 192, 40, 40 என்று கூட்டினால் 272 மணி நேரம். அரை ஆண்டில் முடியும். 1815இன் உச்சகட்டக் காட்சிகளில் ஒன்று உங்கள் மேசையில் இருக்கும்.

அந்தக் காட்சியைப் பற்றி உறுதியானதையும் கதையையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 45ஆம் ரெஜிமென்ட்டின் கொடிக்கம்ப உச்சியிலிருந்த கழுகுச் சின்னத்தை ஸ்காட்ஸ் கிரேஸைச் சேர்ந்த சார்ஜென்ட் சார்லஸ் யூவார்ட் பறித்தார் என்பது உறுதி. அந்தக் கழுகு இன்றும் எடின்பரோ கோட்டையில் உள்ளது. ஹைலேண்டர்கள் அந்தக் குதிரைகளின் அங்கவடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாய்ந்தார்கள் என்பது ஓவியர்களுக்குப் பிடித்த கதை. நம்பத் தயங்குவோர் பலர், நானும் அவர்களில் ஒருவன். முந்தைய இரவு பெய்த மழையில் சேறாகிக் கிடந்த நிலம் அது. கழுகைப் பற்றி இன்னொன்று: 1808க்குப் பிறகு ரெஜிமென்ட்டுக்கு ஒரு கழுகு மட்டுமே, அது முதல் பட்டாலியனிடம் இருக்கும். எட்டுப் பட்டாலியனுக்கு எட்டுக் கழுகு நிறுத்தியிருக்கும் படைகளை நான் பார்த்திருக்கிறேன். என் முதல் படையும் அவற்றில் ஒன்று. நான்கு பேரிடமிருந்து கம்பத்தைப் பிடுங்கித் துப்பாக்கி ஒட்ட வேண்டியதாயிற்று.

இனித் தீட்டும் முறை. எங்கள் பக்கத்தில் ஐயனார் கோயில் புரவி எடுப்புக்கு வேளார் மண்குதிரை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குதிரையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க மாட்டார்; எல்லாக் குதிரைகளுக்கும் கால்களை நிறுத்துவார், பிறகு எல்லாவற்றுக்கும் உடல், பிறகு கழுத்து, கடைசியாகத் தலை. பெரும்படை தீட்டுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 24 உருவங்களையும் ஐஸ் குச்சிகளில் நான்கு நான்காக ஃபெவிகால் கொண்டு ஒட்டுங்கள். சாம்பல் நிறப் பிரைமருக்கு (அடிப்பூச்சுக்கு) பிறகு ஒரு நாளில் ஒரே நிறம் மட்டும். நான்கு நான்காக ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆறு கம்பெனிக்கும் தலா நான்கு உருவங்கள் வருகின்றன. தொப்பியின் உச்சிக் குஞ்சம் முதல் கம்பெனிக்குக் கரும்பச்சை, இரண்டாவதற்கு வான்நீலம், மூன்றாவதற்கு ஆரஞ்சு, நான்காவதற்கு ஊதா. மற்ற இரண்டு கம்பெனிகளில் கிரெனேடியருக்குச் சிவப்பு, வோல்டிஜருக்கு மஞ்சள். குச்சி மாறாத வரை குஞ்சம் மாறாது.

வெள்ளையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிரெஞ்சுக் கோட்டின் மார்புப்பட்டி வெள்ளை; அதன் மேல் குறுக்காகச் செல்லும் தோல்வார்களும் வெள்ளை. நேராக வெள்ளை பூசினால் மார்பு ஒரு சுண்ணாம்புச் சுவராகிவிடும். முழு மார்பையும் முதலில் வெளிர் சாம்பலில் பூசுங்கள். பிறகு வாரின் மேலும் பட்டியின் மேலும் வெள்ளையை வைத்து, இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மயிரிழை அளவு சாம்பலை அப்படியே விட்டுவிடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கோடு முரட்டுத்தனமாகத் தெரியும். மூன்றடியில் வைத்தால் வார் தனியே எழுந்து நிற்கும். இந்தச் சிரமமே வேண்டாம் என்றால், எட்டில் மூன்று பட்டாலியன்களுக்கு மேலங்கி அணிந்த உருவங்களை வாங்குங்கள். 1815இல் சேர்ந்த பிரெஞ்சு வீரர்கள் பலர் அப்படித்தான் களத்தில் நின்றார்கள். சாம்பலும் பழுப்புமாக ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்ட மேலங்கிகளே உண்மைக்கு நெருக்கம், வேலையும் பாதி.

பிரெஞ்சுக் கோட்டின் நீலத்தைப் பற்றி எந்தப் புட்டி சரியான நீலம் என்று சண்டையே நடக்கும். என் கருத்தில் அப்படி ஒரு நீலம் கிடையாது. அது அவுரிச் சாயம். தொட்டிக்குத் தொட்டி மாறும், வெயிலில் வெளுக்கும். கடல் கடந்து, நம் நாடு உட்பட வெப்ப நாடுகளிலிருந்து போன அவுரிக்குப் பிரிட்டிஷ் கடற்படையால் தட்டுப்பாடு வந்தபோது, 1806இல் நெப்போலியன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு தரவே ஆணையிட்டார். சில ரெஜிமென்ட்டுகள் அதை அணிந்தன. 1807இல் அது கைவிடப்பட்டது. இதுவரை உறுதி. 1807 அய்லாவ் போரின் பனியில் வெள்ளைத் துணிமேல் ரத்தத்தைக் கண்டு மனம் மாறினார் என்பதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று நீலங்களைக் கலந்து வைத்து, பட்டாலியனுக்கு ஒன்றாக மாற்றிப் பூசுகிறேன்; எதுவானாலும் உண்மைத் துணியைவிட ஒரு படி வெளிறியதாக. சிறிய உருவத்தில் அடர்ந்த நீலம் கறுப்பாகவே கண்ணில் படும்.

நம் ஊர் வெயிலுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் அக்ரிலிக் தட்டிலேயே தோல் கட்டிவிடும். மூடியுள்ள தட்டையான டப்பாவில் ஈரப் பஞ்சை விரித்து, அதன்மேல் பேக்கரிகளில் பயன்படுத்தும் வெண்ணெய்த்தாளை வைத்து, அதில் வண்ணம் எடுத்தால் இரண்டு நாள் காயாது. முற்றத்தை ஒட்டிய வளவில் காலை ஐந்தரை முதல் எட்டு வரை கிடைக்கும் வெளிச்சத்தை எந்த விளக்கும் தருவதில்லை. ஸ்ப்ரே பிரைமரை நண்பகலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, உருவத்தின்மேல் மணலாக உட்காரும். மழைக்காலத்தில் நேர் எதிரான ஆபத்து: ஓர் ஐப்பசி மாலையில் பொறுமையிழந்து 48 பவேரிய வீரர்களுக்கு மேட் வார்னிஷ் அடித்தேன், காலையில் அவர்களுடைய வெளிர்நீலக் கோட்டெல்லாம் பூசணம் பூத்தது போல் வெளுத்திருந்தது. பளபளக்கும் வார்னிஷைத் தூரிகையால் ஒரு கை பூசியதும் நிறம் திரும்பியது. தை மாதத்தில் மறுபடி மேட் அடித்தேன். அடித்தட்டுக்கு நம் செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதன்மேல் கரும்பழுப்பு பூசிவிடுங்கள். ஸ்பெயினுக்கு அந்தச் சிவப்பு பொருந்தும், பெல்ஜியத்துச் சேற்றுக்குப் பொருந்தாது.

செலவுக்கு வருகிறேன். நல்ல உருவங்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வருபவை. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது. அஞ்சல் கட்டணமும் சேர்ந்தால் பிளாஸ்டிக் உருவம் ஒன்று என் கணக்கில் நூறு ரூபாயைத் தாண்டுகிறது. உலோக உருவம் அதைப்போல் மூன்று மடங்கு. முழு வாட்டர்லூ பிளாஸ்டிக்கிலேயே பத்து இலட்சத்தை நெருங்கும். நான் சொன்ன மூலை முப்பதாயிரத்துக்குள் அடங்கக்கூடும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவங்களை இங்கேயே அச்சிடுவோர் இப்போது உண்டு. அச்சுக்குப் பயன்படும் பிசின் கையில் படக்கூடாது, வாடையும் நல்லதன்று, ஆகவே அடைத்த அறையில் வேண்டாம். இந்த முறையில் என் அனுபவம் சிறிது, 6 மி.மீ. உருவங்களோடு நின்றுவிட்டது. 1801இல் காளையார்கோயிலில் மோதிய மருதிருவர் படையும் எதிரே நின்ற சிவப்புக் கோட்டுக்காரர்களும் இதே காலத்தவர்கள்தானே, அவர்களை ஏன் தீட்டவில்லை என்று என் மைத்துனர் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். வளரி ஏந்திய வீரனை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் யாரேனும் செய்தால் முதல் ஐம்பதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

தீட்டிய படையை வாங்குவது தவறன்று. ஆனால் இரண்டு கைகள் தீட்டிய பட்டாலியன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, ஒன்றின் நீலமும் அடித்தட்டும் மற்றதோடு ஒட்டாது. எதிர்ப்படையை முழுவதாக விலைக்கு வாங்கி, ஒரு படையை முழுவதாகத் தானே தீட்டுவது நல்ல ஏற்பாடு. எப்படிச் செய்தாலும் முதல் பட்டாலியனில் வைத்த தரத்தை நடுவில் உயர்த்தாதீர்கள். கை தேர்ந்துவிட்டது என்று நான் ஐந்தாவது பட்டாலியனில் கண்மணி வைக்கத் தொடங்கினேன்; பிறகு முதல் நான்கும் அசிங்கமாகத் தெரிய, அவற்றைத் திரும்பத் தீட்டியதில் ஒரு முழு ஆண்டு போயிற்று. ஒவ்வோர் அடித்தட்டின் அடியிலும், நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது போல, உங்கள் எழுத்தையும் முடித்த தேதியையும் எழுதிப் பேரேட்டில் ஏற்றுங்கள். பிரித்து ஒட்டாத பெட்டிகள் இரண்டுக்கு மேல் சேர்ந்தால் வாங்குவதை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாகத் தேக்கு அலமாரி. பழைய உருவங்களில் ஈயம் அதிகம். மரப்பலகையிலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்தும் ஒட்டுப்பலகையிலிருந்தும், வெளிவரும் அமில ஆவி மூடிய இடத்தில் தேங்கினால் ஈயம் வெண்பொடியாகப் பூத்து உதிரும். பூத்த உருவம் மீளாது. பெட்டியோடு கைமாறி வரும் பழைய உருவங்களை வாங்கும்போது காலடியைத் திருப்பிப் பாருங்கள், முதலில் அங்கேதான் வெளுக்கும். காகிதக் கொடிகளை இராமபாணப் பூச்சி தின்னும். இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசிவிட்டால் தொடாது. அடித்தட்டுக்கு அடியில் காந்தத் துண்டு ஒட்டித் தகரத் தட்டில் நிறுத்தினால், தூக்கிப்போகும்போது ஆத்தங்குடித் தரையில் விழுந்து துப்பாக்கி முனை வளையாது. பாட்டனாரின் அலமாரியை விட மனமில்லை என்றால் பிளாஸ்டிக் உருவங்களை அதில் வையுங்கள். ஈயத்துக்கு இரும்பு பீரோ போதும்.